பீப்பாயில் முதிர்ந்த பார்லி ஒயினைச் சுவைப்பது எப்படி? ஒரு கிளாஸ், ஒரு மணி நேரம்

பார்லி ஒயின் என்பது வீரியம் கூடிய ஒரு பியர். முதன்முதலாக ஒரு நல்ல பார்லி ஒயின் என் கைக்கு வந்தபோது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்து, உயரமான கிளாஸில் விளிம்புவரை ஊற்றி, சாதாரண பியரைக் குடிக்கிற மாதிரியே குடித்தேன். தித்திப்பையும் சாராய நெடியையும் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. பாதியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, மிச்சத்தைக் கொட்டிவிடலாம் என்று கிளாஸைத் தூக்கியபோது பேரீச்சம்பழமும் வெனிலாவும் பழைய மரப்பெட்டியும் கலந்தது போன்ற ஒரு மணம் ஏறி வந்தது. அதே பியர்தான். குளிர் மட்டும் விட்டிருந்தது.

அன்றிலிருந்து இந்த வகை பியருக்கு நான் ஒதுக்குவது ஒரு சிறு கிளாஸ், ஒரு முழு மணி நேரம், மனதில் ஒரே ஒரு கேள்வி: நான் குடிப்பது பியரையா, பீப்பாயையா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்காகத்தான்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

பெயரில் ஒயின் இருந்தாலும் இதில் திராட்சை கிடையாது. பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ), ஈஸ்ட், தண்ணீர். அவ்வளவுதான். ஒயின் அளவுக்கு வீரியம் இருப்பதால் வந்த பெயர் அது. இங்கிலாந்தில் பர்ட்டன் நகரின் பாஸ் நிறுவனம் தன் ‘நம்பர் 1’ ஏலை (ஏல் என்பது ஒருவகை பியர்) இந்தப் பெயரில் விற்றுத்தான் பெயரைப் பரப்பியது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிறுவனம் 1975இல் ‘ஓல்டு ஃபாக்ஹார்ன்’ காய்ச்சியது. 1983இல் சியரா நெவாடா நிறுவனத்தின் ‘பிக்ஃபுட்’ வந்தது. இங்கிலாந்துப் பாணியில் மால்ட்டும் உலர்பழமும் முன்னே நிற்கும். அமெரிக்கப் பாணியில் ஹாப்ஸின் கசப்பு தெம்பாக எழும்பும்.

சாதாரண பியரில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம் என்றால் இதில் 8 முதல் 12 வரை. பீப்பாயில் கிடந்தவை அதற்கு மேலேயும் போகும். இவ்வளவு வீரியம் எங்கிருந்து வருகிறது? மால்ட்டை ஊறவைத்து முதலில் வடியும் கெட்டியான சாறை மட்டும் எடுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவிடுவார்கள். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால் இந்தச் சாறு 1.080 முதல் 1.120 வரை இருக்கும். கொதி நீள நீளச் சாறு சிவந்து, முறுகிய சர்க்கரைப்பாகின் வாசம் ஏறும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டு, இனி முடியாது என்ற இடத்தில் நின்றுவிடும். மிச்சம் நிற்பதுதான் நாக்கில் தித்திப்பாகவும் கனமாகவும் தெரிவது.

அடுத்து பீப்பாய். போர்பன் விஸ்கியை உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை போர்பன் கண்ட பீப்பாயை அடுத்த போர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. அதனால் சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் பியர் காய்ச்சுபவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. மரத்துக்குள் ஊறிக் கிடக்கும் விஸ்கி பியருக்குள் இறங்கும். வீரியமும் சற்றுக் கூடும். மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருளைச் சூடு உடைத்ததில் உண்டான வெனிலின் வெனிலா வாசத்தைத் தரும். ஓக்கிலுள்ள லாக்டோன்கள் தேங்காய் வாசம். யூஜெனால் கிராம்பு வாசம். டானின் துவர்ப்பு. அமெரிக்க ஓக்கில் தேங்காய் தூக்கலாக இருக்கும், ஐரோப்பிய ஓக்கில் துவர்ப்பு. போர்பன் பீப்பாய் மட்டும்தான் என்றில்லை. மான்செஸ்டரின் ஜே. டபிள்யூ. லீஸ் நிறுவனம் 1986இல் காய்ச்சத் தொடங்கிய ‘ஹார்வெஸ்ட் ஏல்’, ஷெர்ரி, போர்ட் (இரண்டும் வீரியம் கூட்டிய ஒயின்கள்), கால்வடோஸ் (ஆப்பிள் பிராந்தி), ஸ்காட்ச் விஸ்கி என்று வெவ்வேறு பீப்பாய்களில் முதிர்ந்தும் வந்திருக்கிறது. எந்தப் பீப்பாய், எத்தனை மாதம் என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் மிடறுக்கு முன் பார்க்காதீர்கள். கண்ணில் பட்ட வார்த்தையை மூக்கு அப்படியே ஒப்பித்துவிடும்.

படி 1: முந்தின நாளே தொடங்குங்கள்

பாட்டிலை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். அடியில் ஈஸ்ட் மண்டி இருந்தால் அது தங்க வேண்டும். வெளிச்சம் படக் கூடாது. ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்தால் ஒருவகை நாற்றம் பிறக்கும், அது பிறகு போகவே போகாது.

ஃப்ரிட்ஜில் இருந்தால் குடிக்க முக்கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுங்கள். 10 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கி, 16 அல்லது 18 டிகிரியில் முடிக்கலாம். 12 முதல் 15 டிகிரி வரைதான் இதன் நல்ல நேரம். ஆனால் நேரே அங்கே போகாமல், குளிரிலிருந்து ஏறி வருகிற பாதை முழுவதையும் பார்ப்பது இன்னும் நல்லது.

வயிறு காலியாக இருக்க வேண்டாம். நாக்கும் எரிந்துகொண்டிருக்க வேண்டாம். காரமான சாப்பாடு, காபி, பற்பசை மூன்றும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்கட்டும். சென்ட் போடாதீர்கள். பக்கத்தில் குளிராத தண்ணீரும் வெறும் ரொட்டித் துண்டும் இருந்தால் போதும்.

படி 2: கிளாஸும் அளவும்

வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். டியூலிப், ஸ்னிஃப்டர் என்று தனியாக விற்பார்கள், சாதாரண ஒயின் கிளாஸும் அதே வேலையைச் செய்யும். வாசம் வயிற்றில் தேங்கி வாய் வழியாக மூக்குக்கு வர வேண்டும் என்பதுதான் கணக்கு. வெந்நீரில் அலசி, கவிழ்த்து, காற்றிலேயே உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் துணியின் வாசமும் சேர்ந்துகொள்ளும், பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒட்டியிருந்தால் இருக்கிற கொஞ்ச நுரையும் போய்விடும்.

ஒரு ஆளுக்கு 100 மில்லி. 12 சதவீதமுள்ள 330 மில்லி பாட்டிலில் சுத்த ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 40 மில்லி, அதே அளவு சாதாரண பியரில் 16 மில்லி சொச்சம். ஆக, ஒரு பாட்டிலைத் தனியாக முடிப்பவர் இரண்டரை பியரைக் குடித்திருப்பார். மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டிலைத் திறப்பதுதான் முறை. அதன் பிறகு வண்டி ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், ஆல்கஹாலோடு ஒத்துப்போகாத மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இந்தப் பியர் இல்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

படி 3: ஊற்றுவது, பார்ப்பது

கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள், கடைசியில் நிமிர்த்துங்கள். தண்ணீர் மாதிரி சலசலக்காமல் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு விழும். பாட்டிலில் கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிடுங்கள், மண்டி அங்கே இருக்கிறது. நுரை கொஞ்சமாக வந்து சீக்கிரம் அடங்கினால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். ஆல்கஹால் அதிகமுள்ள, வாயு குறைந்த, மாதக்கணக்கில் மரத்தில் கிடந்த பியர் அப்படித்தான் இருக்கும். திறந்ததும் பொங்கி வழிந்தால்தான் வேண்டாத கிருமி புகுந்திருக்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

நிறத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும். வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தால் செம்பு நிறத்திலிருந்து அடர்பழுப்புவரை எங்கேயோ நிற்கும், ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும். கிளாஸின் உட்சுவரில் கோடு கோடாக இறங்குவதைப் பார்த்துத் தரத்தைச் சொல்பவர்கள் உண்டு. ஆல்கஹால் வேகமாக ஆவியாவதால் உண்டாகிற கோடு அது. வீரியத்தைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

படி 4: மூக்குக்கு முதல் கால் மணி நேரம்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. சாதாரண பியரைப் போல மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் ஆல்கஹால் ஆவி கமறும், அடுத்த சில நிமிடங்களுக்கு மூக்கு மரத்துவிடும்.

முதலில் கிளாஸை நெஞ்சருகே பிடித்துச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். அவ்வளவு தூரத்திலேயே எட்டிப்பிடிக்கும் வாசம் எதுவோ அதுதான் அந்தப் பியரின் உரத்த குரல். பெரும்பாலும் வெனிலா அல்லது விஸ்கி. அதைக் குறித்துக்கொண்டு முகவாய்வரை உயர்த்துங்கள். வாயை லேசாகத் திறந்தபடி, நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி இரண்டு மூன்று குட்டி உறிஞ்சல்கள். இப்போது கேரமல், உலர்திராட்சை, அத்தி, வறுத்த கொட்டை என்று மால்ட்டின் பக்கம் திறக்கும். பிறகு ஒரு சுற்று மெதுவாகச் சுழற்றி, உள்ளங்கையால் பத்து விநாடி மூடி, கையை எடுத்ததும் முகருங்கள். அடங்கிக் கிடந்தவை இப்போதுதான் வரும்: கிராம்பு, லேசான புகை, தோல் செருப்புக் கடையில் நுழைந்தது போன்ற வாசம், ஆரஞ்சுத் தோல்.

வாசத்தின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வராமல் படுத்தும். அப்போது பொதுவிலிருந்து தனிக்குப் போங்கள். பழமா, மரமா, மசாலாவா, இனிப்பா? பழம் என்றால் பச்சையா, உலர்ந்ததா? உலர்ந்தது என்றால் புளிப்புள்ள உலர்திராட்சையா, பாகாக இளகிய பேரீச்சையா? பியர் சுவைகளை இப்படிப் படிப்படியாக வட்டத்தில் அடுக்கிக் காட்டும் சுவைச் சக்கரத்தைப் பியர் ஆய்வாளர் மார்டன் மைல்கார்டு 1970களில் உருவாக்கினார். இன்றைக்கும் மதுவைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

மூக்கு சோர்ந்து எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டால், முழங்கை மடிப்பில் உங்கள் தோலை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள். பழகிய வாசம் மூக்கைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

படி 5: வாய்

முதல் மிடறைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வாயைப் பழக்குவதற்கு. அதை விழுங்கிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

இரண்டாவது மிடறில் ஒரு சோதனை. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு தேக்கரண்டி அளவு வாயில் விடுங்கள். தித்திப்பு இருக்கும், கசப்பு இருக்கும், ஈறுகளில் ஒரு சூடு இருக்கும். அதற்கு மேல் எதுவும் இருக்காது, சர்க்கரைத் தண்ணீரில் சாராயம் கலந்த மாதிரி தட்டையாகக் கிடக்கும். விழுங்கியதும் மூக்கை விட்டு மூச்சை வெளியே தள்ளுங்கள். ஒரே விநாடியில் உலர்திராட்சையும் வெனிலாவும் ஓக்கும் தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி வந்து நிற்கும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு தொண்டையின் பின்வழியே மூக்குக்கு ஏறும் வாசம்தான். இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் பிறகு ஒவ்வொரு மிடறிலும் தாமாகவே மூக்கு வழியாக மூச்சுவிடுவார்கள்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடுங்கள். நாக்கில் சுவை மொட்டு உள்ள எல்லா இடமும் எல்லாச் சுவையையும் அறியும். அதனால் மூன்றாவது மிடறை வாய் முழுவதும் ஒரு சுற்று உருட்டுங்கள். துப்ப வேண்டாம். கசப்பு தாமதமாக, விழுங்கிய பிறகுதான் முழுசாகத் தெரியவரும்.

எது முதலில் வந்தது, எது நடுவில் நின்றது, எது கடைசியில் தங்கியது என்று வரிசையைக் கவனியுங்கள். நல்ல பார்லி ஒயினில் தித்திப்பு முதலில் வரும், ஆனால் திகட்டுவதற்குள் கசப்போ துவர்ப்போ அதைப் பிடித்து நிறுத்தும். துவர்ப்பு, திராட்சைத் தோலைக் கடித்த மாதிரி கன்னத்தின் உட்பக்கத்தை லேசாக இழுத்தால் சரி. கறுத்துப்போன தேநீர் மாதிரி வாயை உலர்த்தினால், மரத்தில் அதிக நாள் கிடந்துவிட்டது என்று அர்த்தம். ஆல்கஹால் நெஞ்சுக்குள் கதகதப்பாக இறங்க வேண்டும். தொண்டையைக் காந்தினால் பியர் இன்னும் பக்குவப்படவில்லை, அல்லது ஈஸ்ட் அதிகச் சூட்டில் வேலை செய்திருக்கிறது.

படி 6: அந்த ஒரே கேள்வி

ஐந்து மிடறு ஆன பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இதுவரை குறித்ததைப் படித்துப் பாருங்கள். தேங்காய், வெனிலா, விஸ்கி, கருகிய மரம். இவை மட்டுமே இருந்தால் நீங்கள் குடித்தது பீப்பாயை. அதில் பார்லி எங்கே, காய்ச்சியவரின் கை எங்கே? விலை என்னவாக இருந்தாலும் அதைப் பெரிய பியர் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஸ்டவுட் என்ற கறுப்பு பியர்களையும் இதே பீப்பாய்களில்தான் வைக்கிறார்கள். ஆனால் ஸ்டவுட்டில் வறுத்த மால்ட்டின் காபி, சாக்லேட் சுவை ஒரு திரை மாதிரி நின்று பீப்பாயின் முரட்டுத்தனத்தை மறைத்துவிடும். பார்லி ஒயினுக்கு அந்தத் திரை கிடையாது. மால்ட்டின் ஆழம் மட்டுமே துணை. அதனால் இதில் பீப்பாயை அளவோடு நிறுத்துவது அதிகக் கடினம், நிறுத்தியவர்களின் திறமையும் அதே அளவுக்குப் பளிச்சென்று தெரியும். சரியாக அமைந்த பியரில் வெனிலாவும் கேரமலும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது. ஓக்கின் துவர்ப்பு ஹாப்ஸ் விட்ட இடத்தில் வந்து நின்றுகொள்ளும்.

வாய்ப்பிருந்தால் அதே பியரின் பீப்பாய் காணாத பாட்டிலையும் வாங்கி, 50 மில்லி இது, 50 மில்லி அது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மரம் எதைக் கொடுத்தது என்பதோடு, எதை எடுத்துக்கொண்டது என்பதும் அப்போதுதான் விளங்கும். பெரும்பாலும் போயிருப்பது ஹாப்ஸின் பசுமையும் வாயுவின் துள்ளலும்.

படி 7: சூடு ஏற ஏற

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு வரி எழுதுங்கள். குளிராக இருக்கும்போது கசப்பும் வாயுவின் குத்தலும்தான் முன்னால் நிற்கும், தித்திப்பு ஒடுங்கியிருக்கும். 12 டிகிரியைத் தாண்டியதும் கேரமலும் உலர்பழமும் விரியும். 15, 16இல் மரமும் விஸ்கியும் ஏறி வரும். 20ஐத் தாண்டினால் பெரும்பாலானவற்றில் சாராய நெடி மற்றதை அமுக்கிவிடும். உள்ளங்கையில் ஏந்தினால் சூடு சீக்கிரம் ஏறும், தண்டைப் பிடித்தால் மெதுவாக ஏறும். வேகத்தை நீங்களே தீர்மானிக்கலாம்.

சாப்பாட்டோடு சேர்ப்பதென்றால் பாதிக் கிளாஸைத் தனியாகப் பார்த்த பிறகு. நீலப் பூஞ்சை படர்ந்த உப்புப் பாலாடைக்கட்டி ஒரு சிறு துண்டு போதும். உப்பு, தித்திப்பைச் செதுக்கிக் கொடுக்கும்.

குறையும் முதிர்ச்சியும்

பழைய பியரில் எது குறை, எது முதிர்ச்சி என்று பிரிப்பதில்தான் அனுபவசாலிகளுக்குள்ளும் சண்டை வரும். காற்றுப் பட்டு மெல்ல மாறிய பியரில் ஷெர்ரி, பாதாம், தேன் வாசங்கள் வரும். பார்லி ஒயினுக்கு அது அழகு. அதே காற்று நனைந்த அட்டைப்பெட்டி வாசத்தையும் தரும், அது குறை. செத்த ஈஸ்ட் கரைந்தால் சோயா சாஸ் வாசம் வரும். பத்து வருடப் பாட்டிலில் ஒரு துளி இருந்தால் ஆழம் கூடும், அதற்கு மேல் போனால் குழம்பு குடிப்பது போல ஆகிவிடும். வினிகர் புளிப்பும் நெயில் பாலிஷ் ரிமூவர் நெடியும் பீப்பாயில் காற்றும் பாக்டீரியாவும் புகுந்ததன் அடையாளம். வெண்ணெய் வாசம் தூக்கினால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை.

தோல், குதிரை லாயம் போன்ற வாசம் வந்தால் அது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் பியர் நிறுவனத்தில் கிளாஸன் என்ற ஆய்வாளர் 1904இல் அதை இனம் கண்டு பெயரிட்டார், மரத்தொட்டியில் நாள்பட வைத்த இங்கிலாந்து ஏல்களுக்கே உரிய சுவைக்கு அதுதான் காரணம் என்றார். பெயரிலேயே பிரிட்டன் இருப்பது அதனால்தான். இன்று வேண்டுமென்றே சேர்த்தால் ஒழிய அதைக் குறையாகத்தான் பார்க்கிறார்கள். லேசாக இருந்தால் நான் ரசிப்பேன்.

வாங்கிய பாட்டிலைப் பல வருடம் வைத்திருக்கலாமா? பீப்பாய் காணாத பார்லி ஒயினை ஐந்து, பத்து வருடம் வைப்பவர்கள் உண்டு. ஹாப்ஸ் அடங்கி, கசப்பு தணிந்து, ஷெர்ரிப் பக்கம் சாயும். பீப்பாயில் இருந்தது ஏற்கெனவே ஒரு முதிர்ச்சியைக் கண்டுவிட்டது. நான் அதை இரண்டு, மூன்று வருடத்துக்குள் திறந்துவிடுவேன். வெனிலாவும் விஸ்கியும் மங்கி அட்டை வாசம் எழுவதைப் பார்த்துப் பார்த்து எடுத்த முடிவு இது. ஒரே பியரின் மூன்று வெவ்வேறு வருடத்துப் பாட்டில்களை ஒரே நாளில் திறக்க முடிந்தால், இளையதிலிருந்து மூத்ததுக்குப் போங்கள்.

படி 8: காலிக் கிளாஸ்

கடைசி மிடறு முடிந்ததும் கிளாஸைக் கழுவாதீர்கள். மேஜையிலேயே இருக்கட்டும். அரை மணி நேரத்தில் ஆல்கஹால் போய்விடும். அடியில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து இப்போது வருவது நெடியில்லாத வாசம்: சிலதில் ரம்பம் போட்ட மரத்தூள், சிலதில் ரொட்டியின் மேல்தோல், மிக நல்ல பாட்டில்களில் இரண்டும் சேர்ந்து. நோட்டில் கடைசி வரியை அதை முகர்ந்த பிறகு எழுதுங்கள். நான் பல சமயம் மறுநாள் காலையில்தான் எழுதுகிறேன், ஓக் வாசம் அதுவரைக்கும் கிளாஸில் இருக்கிறது.